இரண்டாவது பிரேக்

மாஸ்டரின் வலது கால் சும்மா இருக்கும் ரகமில்லை. சாப்பாட்டு மேஜைக்கு அடியிலும் எதையோ அழுத்திக்கொண்டே இருக்கும். பஸ்ஸில் போனால் முன்சீட்டின் இரும்புக் காலை அழுத்தும். டிவியில் எவனாவது காரைக் கொஞ்சம் வேகமாக ஓட்டிவிட்டால் போதும், சோபாவுக்கு முன்னால் போட்டிருக்கும் விரிப்பு சுருண்டு டீப்பாய்க்கு அடியில் போய்ச் சேர்ந்துவிடும்.

"ஓட்டுறவனே பயப்படல. நீங்க எதுக்கு இங்கேர்ந்து பிரேக் போடுறீங்க?" என்று மனைவி கேட்பாள். விரிப்பை இழுத்துச் சரிசெய்வதும் அவள்தான்.

அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. தலைமுடி கறுப்பாக இருந்த காலத்திலிருந்து டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். ஊரில் பாதிப் பேர் அவரிடம் ஸ்டீயரிங் பிடித்தவர்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் இப்போது யாரும் மிச்சமில்லை. மனைவிகூட அக்கம்பக்கத்தில் "எங்க மாஸ்டர்" என்றுதான் சொல்லுவாள்.

ஸ்கூல் காரில் ஒரு விசேஷம் உண்டு. ஓட்டக் கற்கிறவர் காலடியில் இருப்பதுபோலவே, பக்கத்தில் உட்காரும் மாஸ்டர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். இரண்டும் ஒரே கம்பியில் பிணைந்தவை. மாஸ்டர் அழுத்தினால் அந்தப் பக்கத்துப் பிரேக்கும் தானாகக் கீழே இறங்கும். ஆபத்துக்கு மட்டும்தான் அதைத் தொடலாம் என்பது தொழில் தர்மம். நல்ல மாஸ்டரின் கால் பிரேக்குக்கு மேலே அந்தரத்தில் காத்திருக்குமே தவிர இறங்காது. இவருடைய காலும் அப்படித்தான் இருந்தது, அந்தப் பக்கெட் விவகாரம் நடக்கும்வரை.

பக்கெட் விவகாரத்தை ஊரே சிரித்துச் சிரித்துச் சொல்லும். கல்லூரி விரிவுரையாளர் ஒருவர், ரொம்பத் தன்மையான மனிதர், கடைத்தெருச் சரிவில் இறங்கும்போது பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலேட்டரை மிதித்துவிட்டார். கார் பாய்ந்தது. பிளாஸ்டிக் சாமான் கடை வாசலில் ஒரு வயதான அம்மா குனிந்து பக்கெட் பொறுக்கிக்கொண்டிருந்தாள். மாஸ்டர் மிதித்த மிதியில் கார் அந்த அம்மாவுக்கு ஒரு ஜாண் தள்ளி நின்றது. அடுக்கிவைத்திருந்த பக்கெட்டுகள் மட்டும் சரிந்து, சிவப்பும் நீலமுமாகத் தெருவெல்லாம் உருண்டன. அந்த அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கையிலிருந்த பக்கெட்டைத் தட்டிப் பார்த்துக்கொண்டே, "கீழ விழுந்த பக்கெட்டுதானே, விலையைக் குறைச்சுக் கொடுப்பா" என்று பேரம் பேசினாள். கடைக்காரர் சிரித்தார். விரிவுரையாளர் சிரித்தார். பக்கெட் பிடிக்க ஓடியவர்கள் சிரித்தார்கள். மாஸ்டரும் சேர்ந்துதான் சிரித்தார். ஆனால் அவர் நெஞ்சு அன்றைக்கு அடிக்க ஆரம்பித்தது.

அன்றைக்கு அடித்தது அன்றைக்கே அடங்கியிருந்தால் சொல்வதற்கு ஒன்றுமில்லை. மறுநாள் பல் தேய்க்கும்போது வந்தது. அதற்கப்புறம் அதற்கு நேரம் காலம் கிடையாது. செருப்பு மாட்டக் குனிந்தால் வரும். வாயில் சோற்றை வைக்கும்போது வரும். ஒன்றுமே செய்யாமல் சும்மா உட்கார்ந்திருந்தால் கண்டிப்பாக வரும். முதலில் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று தடுக்கும். ஒரு துடிப்பு காணாமல் போகும். அடுத்தது தொம்மென்று வந்து விழும். பிறகு பூட்டிய கதவை யாரோ வெளியிலிருந்து தட்டுவதுபோல் படபடவென்று அடித்துக்கொள்ளும். கை ஜில்லிட்டுப்போகும், தொண்டை வறளும். இதோ, இதுதான், முடிந்தது என்று ஒவ்வொரு முறையும் நினைப்பார். ஒவ்வொரு முறையும் முடியாமல் அடங்கும். போன தடவை ஒன்றும் ஆகவில்லையே என்று அடுத்த தடவை அவருக்குத் தோன்றியதே இல்லை.

அடித்துக்கொள்வது கொஞ்ச நேரம்தான். வந்துவிடுமோ வந்துவிடுமோ என்று காத்திருப்பதில்தான் மீதிப் பொழுதெல்லாம் போயிற்று. இரண்டு விரல்கள் சதா கழுத்தில் நாடி பிடித்துக்கொண்டிருக்கும். யாராவது பார்த்துவிட்டால் சவரம் சரியாக விழுந்திருக்கிறதா என்று தடவிப் பார்ப்பதுபோல் பாவனை செய்வார். மாடிப்படி ஏறுவதை நிறுத்தினார். காப்பியை நிறுத்தினார். யாராவது செத்துப்போன பேச்சு எடுத்தால் விருட்டென்று எழுந்து போவார். போனவர் வாசற்படியில் நின்று, "எப்படிப் போனாராம்? நெஞ்சா?" என்று கேட்காமல் போனதில்லை.

டாக்டரம்மாவிடம் போகாமல் இல்லை. ஈ.சி.ஜி. எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், ஓடவிட்டுப் பார்த்தார்கள். நெஞ்சில் ஒயர்களை ஒட்டி, இடுப்பில் ஒரு சின்னக் கருவியைக் கட்டி ஒரு நாள் முழுக்க நடமாட விட்டார்கள். அன்றைக்குப் பார்த்து அவர் நெஞ்சு, விருந்தாளிகளுக்கு முன்னால் கைகட்டி நிற்கும் வால் பையனைப் போல் சமர்த்தாக நடந்துகொண்டது. எங்கோ ஓரிரு இடறல், அவ்வளவுதான்.

"உங்க இதயத்துல கோளாறு எதுவும் இல்ல" என்றார் டாக்டரம்மா. "மனசுல இருக்கிற டென்ஷன்தான் இப்படி வந்து அடிக்குது. அடிச்சா பயப்படுறீங்க, பயந்தா இன்னும் அடிக்குது. வந்துச்சுன்னா ஒரு இடத்துல உக்காருங்க. மூச்சை மெதுவா, நீளமா வெளிய விடுங்க. தானா அடங்கும். மயக்கம் வந்தாலோ நெஞ்சு வலிச்சாலோ மட்டும் உடனே கிளம்பி வாங்க."

அவ்வளவு பேசியதில் மாஸ்டரின் காதில் ஏறியது கடைசி வரி ஒன்றுதான். உடனே கிளம்பி வர வேண்டும். சரி, யார் கூட்டிக்கொண்டு வருவது?

மகள் வேலை நிமித்தம் வேறு ஊரில் இருந்தாள். வீட்டில் கணவனும் மனைவியும் மட்டும். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டால் வரும்தான். ஆனால் வீடு இருக்கும் சந்து பிடிபடாமல் கேஸ் சிலிண்டர்காரரே ஒவ்வொரு தடவையும் போன் போட்டு வழி கேட்கிறார். வாசலில் சொந்தக் கார் ஒன்று நிற்கிறது, பழையதுதான், நன்றாக ஓடும். ஓட்டத் தெரிந்தவர் வீட்டில் ஒரே ஆள். அந்த ஆளுக்குத்தான் நெஞ்சு.

ஆகவே ஒரு நாள் காலையில் மாஸ்டர் மனைவியிடம், "நீயும் வண்டி ஓட்டக் கத்துக்கோயேன்" என்றார், ஏதோ உப்பு போதுமா என்று கேட்கிற குரலில்.

அவள் சட்டை தைக்கும் கம்பெனியில் வேலை பார்க்கிறவள். காலர் தைப்பதில் கைகாரி. கையிலிருந்த டிபன் டப்பாவை மூடாமலே அவரைப் பார்த்தாள்.

"கல்யாணமான புதுசுல நான் கேட்டப்ப என்ன சொன்னீங்க? 'உனக்கு எதுக்கு, அதான் நான் இருக்கேனே'ன்னீங்க. இப்ப என்ன திடீர்னு?"

"காலம் மாறிப்போச்சு."

"காலம் மாறுச்சோ இல்லையோ, நீங்க மாறிட்டீங்க" என்றாள். ஆனாலும் உள்ளுக்குள் அவளுக்குச் சந்தோஷம்தான். அன்றைக்கே கம்பெனியில் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள்.

ஸ்கூல் காரிலேயே கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார். பாடம் எப்போதும் ஒரே பாதை. வீட்டுச் சந்து, கடைத்தெருச் சரிவு, சிக்னல்கள், ஆஸ்பத்திரி வாசல். அங்கே திருப்பிக்கொண்டு வீடு. மறுநாளும் அதேதான்.

"இந்த ஊர்ல வேற ரோடே போடலையாங்க?"

"இதுதான் அகலமான ரோடு."

ஸ்டீயரிங் அவளுக்குச் சீக்கிரம் வசப்பட்டது. துணியை ஊசிக்கு அடியில் வளைத்து வளைத்துத் திருப்பிய கையாயிற்றே. கால் மட்டும் மெஷின்காரியின் கால். அவள் கம்பெனியில் ஓடுவது கரண்ட் மெஷின். பெடலை அழுத்தினால் ஓடும், காலைத் தளர்த்தினால் நின்றுவிடும். அதை நிறுத்த யாரும் தனியாக எதையும் மிதிப்பதில்லை. காரிலும் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துப் பிரேக்கின்மேல் சும்மா வைப்பாள். பிரேக் தானாகக் கீழே போகும், கார் அழகாக நிற்கும்.

"பிரேக் என்னமா வெண்ணெய் மாதிரி இறங்குது!" என்பாள்.

மாஸ்டருக்கு அது காதில் விழாது. அவர் விரல்கள் கழுத்தில் இருக்கும். கண், முன்னால் போகும் சைக்கிள்காரர்மேல் இருக்கும். இந்த சைக்கிள்காரர் குறுக்கே வந்துவிட்டால்? வந்து, நெஞ்சும் அதே நேரத்தில் அடித்துக்கொண்டால்? இப்போது லேசாகத் தடுக்கினாற்போல் இருந்ததே, அது நெஞ்சா, ரோட்டுப் பள்ளமா? இத்தனை கேள்விகளுக்கு நடுவில் தன் வலது கால் என்ன செய்கிறது என்று அவர் எங்கே பார்த்தார்!

இதற்குள் ஸ்கூல் முதலாளியம்மா ஒரு நாள் அவரைக் கூப்பிட்டு, மேஜைமேல் இருந்த மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பேச்சை ஆரம்பித்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் விஷயம் சரியில்லை என்று அர்த்தம்.

"மாஸ்டர், உங்ககிட்டக் கத்துக்கிட்டவங்க இப்பல்லாம் டெஸ்ட்ல ஒரே மாதிரி ஃபெயில் ஆகுறாங்களே. எல்லாம் நல்லா பண்றாங்க, நிறுத்தற கோட்டுல மட்டும் வண்டி நிக்காம தாண்டிப் போயிடுது. என்ன காரணம்?"

"இப்ப வர்றவங்களுக்குக் கவனம் இல்ல மேடம். எல்லாம் செல்போன்ல இருக்கு" என்று மாஸ்டர் சட்டென்று சொன்னார். சொல்லிவிட்டு வெளியே வந்ததும் நெஞ்சு அடித்தது. வேலைக்கும் வேட்டு வந்துவிடும்போலிருக்கிறதே என்று அந்தப் பயம் வேறு சேர்ந்துகொண்டது.

மனைவியின் டெஸ்ட் நாள் வந்தது. டெஸ்டில் மாஸ்டர் சீட்டில் அதிகாரி உட்காருவார், கால்களை உள்ளே இழுத்துக்கொண்டு. பிரேக்கைத் தொடமாட்டார். மாஸ்டர் கம்பிவேலிக்கு வெளியே நின்றார். மனைவி அதிகாரிக்கு வணக்கம் சொல்லி, கண்ணாடியைச் சரிசெய்து, ராணி மாதிரி கிளம்பினாள். வளைவெல்லாம் வழுக்கிக்கொண்டு போயிற்று. பின்னால் எடுத்தாள், பிசகவில்லை. வேலிக்கு வெளியே நின்றவர்கள்கூட, "அம்மா நல்லா ஓட்டுறாங்களே" என்றார்கள். மாஸ்டர் கொஞ்சம் நிமிர்ந்தார்.

கடைசியில் வெள்ளைக் கோடு. கார் கோட்டுக்கு வந்தது. கோட்டைத் தாண்டியது. அதற்கப்பால் வைத்திருந்த ரப்பர் கூம்பைத் தள்ளியது. தள்ளிக்கொண்டே போயிற்று. இறக்கியிருந்த கண்ணாடி வழியாகப் பேச்சு வேலிவரைக்கும் கேட்டது.

"பிரேக் போடுங்கம்மா!"

"போட்டுட்டேன் சார்!"

"வண்டி போய்க்கிட்டே இருக்கே!"

"அதான் சார், எனக்கும் ஒண்ணும் புரியல!"

கடைசியில் அதிகாரிதான் மிதித்து நிறுத்தினார். இறங்கி, "பிரேக்னா என்னன்னு யாராவது சொல்லிக்கொடுத்தாங்களாம்மா?" என்று கேட்டுவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

மாஸ்டர் ஓடிவந்தார். அவள் அழவில்லை. திறந்த கதவோரம் மண்ணில் மண்டியிட்டு, ஸ்டீயரிங்குக்கு அடியில் தலையை நுழைத்தாள். மெஷின் மக்கர் பண்ணினால் கம்பெனியில் முதலில் பெடலைத்தான் பார்ப்பார்கள். அவளும் அதைத்தான் பார்த்தாள். பிறகு எழுந்து, சுற்றிக்கொண்டு வந்து, அந்தப் பக்கம் மாஸ்டர் சீட்டுக்கு அடியிலும் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தபோது அவள் முகத்தைக் கண்டு மாஸ்டர் ஓரடி பின்வாங்கினார்.

"என் பக்கம் பிரேக் ரப்பர்ல கோடு கோடா அச்சு அப்படியே புதுசா இருக்கு. உங்க பக்கம் தேஞ்சு இரும்பு தெரியுது. இத்தனை நாளா வண்டியை யாருங்க நிறுத்தினது?"

மாஸ்டர் குனிந்து பார்த்தார். அவள் சொன்னது சரி. பக்கெட் விவகாரத்துக்கப்புறம் இரண்டு பக்கமும் ஒன்றாக மாட்டிய ரப்பர். அவர் காலடியில் ரப்பர் நடுவில் ஓட்டை விழுந்து, இரும்பு பளபளவென்று மின்னியது. அன்றிலிருந்து இந்தக் காரில் கற்றவர்கள் ஒருவர்கூடப் பிரேக் போட்டதில்லை. எல்லோருக்கும் சேர்த்து அவர்தான் போட்டிருக்கிறார்.

"தெரியாம... நான் வேணும்னு பண்ணல..."

"நீங்க எதுக்கு என்னைக் கத்துக்கச் சொன்னீங்க? அதையாவது சொல்லுங்க. தினமும் ஆஸ்பத்திரி வாசல்வரைக்கும் கூட்டிட்டுப் போறீங்க. நான் என்ன மக்கா?"

மாஸ்டர் காரின் ஓரத்திலேயே உட்கார்ந்தார். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. மறைக்கத் தெம்பில்லை. எல்லாவற்றையும் சொன்னார். டாக்டரம்மா ஒன்றுமில்லை என்று சொன்னதையும், அதைத் தன்னால் நம்ப முடியாததையும், ஒவ்வொரு தடவை வெளியே கிளம்பும்போதும் திரும்பி வருவோமா என்று கதவைப் பார்த்துவிட்டுப் போவதையும், ஒரு நாள் விழுந்துவிட்டால் அவள் யாரை அழைத்துக்கொண்டு எங்கே ஓடுவாள் என்று நினைத்ததையும்.

அவள் நின்றுகொண்டே கேட்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப உங்களைப் பின்சீட்டுல போட்டுக்கிட்டு நான் அந்தச் சரிவுல இறங்குறேன்னு வைங்க. என் கால் பிரேக் மேல சும்மா உக்காந்திருக்கும். பக்கத்துல யாருங்க பிரேக் போடுவா?"

மாஸ்டருக்கு அந்தக் காட்சி கண்ணெதிரே வந்தது. சரிவு, பக்கெட் கடை, அவள், பழைய கார். அவருடைய பயம் இதுவரை அவரைப் பற்றித்தான் இருந்தது. இப்போது வந்த பயம் வேறு. அவளைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்து, அவளை நிறுத்தத் தெரியாத ஒரு வண்டியில் ஏற்றிவிடப் பார்த்திருக்கிறார். அவருக்கு அழுகை வந்தது, அழுதார். டெஸ்டுக்கு வந்திருந்தவர்கள், பாவம், மனைவி ஃபெயிலானதற்கு இந்த மனுஷன் இப்படி உருகுகிறாரே என்று பார்த்தார்கள்.

மறுநாள் முதலாளியம்மாவிடம் போய் உள்ளதைச் சொன்னார். வேலை போனால் போகட்டும் என்றுதான் போனார். அந்த அம்மா கண்ணாடியைத் துடைத்தார், மறுபடி துடைத்தார்.

"ரப்பரை மாத்திடலாம். உங்க காலை எப்படி மாத்துறது?" என்றார். பிறகு, "கொஞ்ச நாள் ரோட்டுக்குப் போக வேண்டாம் மாஸ்டர். மைதானத்துல வண்டிக்கு வெளிய நின்னு சொல்லிக்கொடுங்க. ஃபெயிலானவங்களையும் திரும்பக் கூப்பிடுங்க, சும்மாவே சொல்லிக்கொடுத்துடலாம்" என்று சொல்லிவிட்டார்.

வெளியே நின்று சொல்லிக்கொடுப்பது மாஸ்டருக்குப் பெரும் தண்டனையாக இருந்தது. கார் அவரை விட்டு நகரும், அவர் கால் மண்ணை மிதிக்கும். மைதானத்தில் அவர் நிற்கும் இடம் எது என்று யாரும் சொல்லலாம், அங்கே மட்டும் ஒரு குழி விழுந்திருந்தது. நெஞ்சு அடிக்கும்போது பக்கத்திலிருந்த சிமென்ட் மேடையில் உட்கார்ந்து மூச்சை நீளமாக வெளியே விட்டுப் பார்த்தார். சில தடவை அடங்கியது. சில தடவை, போய்யா நீயும் உன் மூச்சும் என்று அதுபாட்டுக்கு அடித்தது.

மனைவி கம்பெனி முடிந்து வந்து தினமும் ஓட்டினாள். முதல் நாள் அவள் தானாக மிதித்த பிரேக்கில் நெற்றி ஸ்டீயரிங்கில் இடித்துக்கொண்டது. "இதுக்குப் பேர்தான் பிரேக்கா!" என்று நெற்றியைத் தேய்த்துக்கொண்டே சிரித்தாள். அவரும் சிரித்தார், ரொம்ப நாளைக்கப்புறம்.

கொஞ்ச நாள் கழித்து, "ரோட்டுக்குப் போகலாம், நீங்க உள்ள உக்காருங்க" என்றாள் அவள். பக்கத்தில் மாஸ்டர் இல்லாமல் ரோட்டுக்குப் போகக் கூடாது.

"வேண்டாம். என் கால்..."

"சம்மணம் போட்டு உக்காருங்க."

"கார்லயா?"

"கார்லதான். சாப்பிட உக்கார்ற மாதிரி."

சீட்டை முழுக்கப் பின்னால் தள்ளி, செருப்பைக் கழற்றிவிட்டு, பெல்ட்டையும் போட்டுக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்தார் மாஸ்டர். கடைத்தெருவில் பார்த்தவர்கள் பார்த்தார்கள். டீக்கடையிலிருந்து ஒருவர், "மாஸ்டர், இலை போடலாமா?" என்று கத்தினார். மாஸ்டருக்குச் சிரிக்கிற நிலைமையில்லை. வலது கால் இடது தொடைக்கு அடியில் சிக்கிக்கொண்டு, வலையில் விழுந்த மீனாகத் துள்ளியது. இரண்டு கைகளாலும் முழங்காலைப் பிடித்து அமுக்கிக்கொண்டார்.

சரிவு வந்தது. கார் இறங்கத் தொடங்கியது. பக்கெட் கடை அதே இடத்தில், அதே சிவப்பும் நீலமுமாக இருந்தது. கடைக்குப் பக்கத்துச் சந்திலிருந்து தலையில் மெத்தை சுமந்துகொண்டு ஒரு ஆள், இரண்டு பக்கமும் பார்க்காமல், பார்க்கவும் முடியாமல், நேராக ரோட்டில் இறங்கிவிட்டான்.

மாஸ்டரின் கால் உதைத்தது. அவருடைய தொடையையே உதைத்தது. நெஞ்சில் ஒரு துடிப்பு காணாமல் போயிற்று.

கார் நின்றது. பெல்ட் இருவரையும் பிடித்து இழுத்து மறுபடி சீட்டில் சாய்த்தது. மெத்தை மட்டும் ரோட்டைக் கடந்துகொண்டிருந்தது, அடியில் இரண்டு கால்களோடு. அந்த ஆளுக்கு இங்கே ஒரு கார் வந்ததே தெரியாது. அவன் அந்தப் பக்கம் ஏறிப் போய்விட்டான். மனைவியின் கால் பிரேக்கில் அழுந்தியிருந்தது. அவள் கணுக்கால் நரம்பு புடைத்து நிற்பதை மாஸ்டர் பார்த்தார்.

அப்போது நெஞ்சு தொம்மென்று விழுந்து அடிக்கத் தொடங்கியது. இதுவரை இப்படி அடித்ததில்லை என்று தோன்றியது. ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் தோன்றும். கை ஜில்லிட்டது.

"அடிக்குது" என்றார்.

"வலிக்குதா?"

"இல்ல."

"மயக்கம் வருதா?"

"இல்ல. அடிக்குது. ரொம்ப அடிக்குது."

பின்னால் ஹாரன் சத்தம். அவள் கண்ணாடியில் பார்த்தாள், காரை எடுத்தாள். சரிவில் இறங்கினாள். அவரிடம், ஒண்ணுமில்ல, பயப்படாதீங்க என்றெல்லாம் சொல்லவில்லை. "மூச்சை வெளிய விடுங்க. ஆஸ்பத்திரிக்குப் போறேன். வாசல்ல போய் யோசிச்சுக்கலாம்" என்றாள்.

முதல் சிக்னலில் நின்றாள். சிக்னல் கம்பத்துக்கு நேரே, கோட்டுக்கு இந்தப் பக்கம், ஆடாமல் நின்றது கார். குறுக்கே பஸ் போயிற்று. மாஸ்டர் மூச்சை வெளியே விட்டார். நெஞ்சு அடித்தது. அவள் அடுத்த சிக்னலில் நின்றாள். நெஞ்சு அடித்தது. ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நிறுத்துமிடத்தில் நுழைந்து, இரண்டு கார்களுக்கு நடுவில் ஓரம் பார்த்து நிறுத்தி, இன்ஜினை அணைத்தாள்.

"உள்ள போகலாமா?"

"கொஞ்சம் இரு."

இருந்தார்கள். காவலாளி ஒரு ஆட்டோக்காரரிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். ஒரு நர்ஸ் வேலை முடிந்து குடையை விரித்துக்கொண்டு போனாள். மனைவி எட்டி அவர் கழுத்திலிருந்த விரல்களை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவள் கையும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. அதை அவர் இப்போதுதான் கவனித்தார். இவளுக்கும் பயம். பயந்துகொண்டேதான் இவ்வளவு தூரம் ஓட்டி வந்திருக்கிறாள், ஒரு இடத்திலும் கோட்டைத் தாண்டாமல்.

நெஞ்சு எப்போது அடங்கியது என்று அவருக்குத் தெரியாது. காவலாளியின் சண்டையைக் கேட்டுக்கொண்டிருந்த நடுவில் எங்கேயோ அது தேய்ந்துபோயிருந்தது. நாளைக்கு வரும். நாளைக்கு இல்லாவிட்டால் அதற்கடுத்த நாள், செருப்பு மாட்டும்போது.

"வீட்டுக்குப் போகலாம்" என்றார்.

அவள் திருப்பி எடுத்தாள். முதல் சிக்னலில் சிவப்பு விழுந்தது, கார் கோட்டுக்கு முன்னால் நின்றது. மாஸ்டர் தன் காலைத் தேடினார். அது தொடைக்கு அடியில் இருந்த இடமே தெரியவில்லை.

"கால் மரத்துப்போச்சு" என்றார்.

"மரத்துப்போகட்டும். இறக்கிடாதீங்க" என்றாள் அவள், விளக்கைப் பார்த்துக்கொண்டே. "இன்னும் ஒரு சிக்னல் இருக்கு."